சும்மா ஒருக்காப் பாருங்க, டொக்டர்

முதுகு நோகாத தாதியை நான் கண்டதில்லை. எலும்பு முறிவு வாட்டில் வேலை செய்பவளென்றால் சொல்லவே வேண்டாம். தொடை முறிந்த ஓர் ஆளைக் கட்டிலிலிருந்து ட்ரொலிக்கு மாற்ற நாலு பேர் வேண்டும். நாலு பேரும் இருக்கிற நாளைப் பெருநாளாகவே கொண்டாடலாம். மற்ற நாட்களில் நானும், என்னோடு ஒரே டியூட்டியில் நிற்கும் ரினோஸாவும், கையில் அகப்பட்ட உதவியாள் அற்றண்டனும்தான். தூக்கி முடித்ததும் இடுப்பில் கையை வைத்து "அல்லாஹ்வே" என்று நிமிர்வோம். அதற்கு வருத்தம், அதாவது நோய், என்று நாங்கள் பேர் வைத்ததில்லை.

இதையெல்லாம் எழுத வேண்டாம் என்பது என் உம்மாவின் கட்சி. இதில் வருகிற விசயங்கள் பெண் பிள்ளை வெளியே கதைக்கிற விசயங்கள் இல்லையாம். நானும் இத்தனை காலமாக அந்தக் கட்சியில்தான் இருந்தேன். அதில் இருந்ததால்தான் எனக்கு இந்தக் கதி வந்தது. அதனால் கட்சி மாறி எழுதுகிறேன். என்னைப் போல வாட்டுகளில் தூக்கிக்கொண்டு நிற்கிற யாராவது வாசித்தால் போதும்.

கல்முனைக்குடியில் இருந்து ஓட்டோவில் போய்வரும் தூரத்தில்தான் எங்கள் ஆஸ்பத்திரி. எனக்கு இடுப்பு நோவு பல வருடங்களாகவே இருந்தது. பிறகு அது இடது காலுக்கு இறங்கியது. பிட்டத்தில் தொடங்கித் தொடையின் பின்பக்கமாக, கெண்டைக்காலைத் தாண்டிச் சின்ன விரல் வரைக்கும் கம்பியைக் காய்ச்சி இழுத்த மாதிரி இருக்கும். நான் தாதி அல்லவா, என்னவென்று எனக்கே தெரியும். முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி ஒரு வட்டு இருக்கிறது. அது பிதுங்கி நரம்பை அழுத்தினால் கால் இப்படி இழுக்கும். வாட்டில் பாதிப் பேருக்கு இந்த நோவுதான்.

அப்படியென்றால் முறையாகக் காட்டியிருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்பீர்கள். காட்டினேனே! எங்கள் முறைப்படி காட்டினேன். டொக்டர்மார் ரவுண்டை முடித்துக்கொண்டு போகும்போது வாசலில் மறித்து, "சும்மா ஒருக்காப் பாருங்க, டொக்டர்" என்பேன். அவர் ஒரு காலை வெளியே வைத்தபடி, "எந்தப் பக்கம் மிஸ்?" என்று கேட்பார். நான் சொல்வேன். "தூக்கிறதைக் குறைங்க, இந்தக் குளிசையைப் போடுங்க" என்பார். தூக்குவதைக் குறைப்பதா! இருவரும் சிரிப்போம். இப்படி ஒரே வருடத்தில் என்னை ஐந்தாறு டொக்டர்மார் பார்த்தார்கள். ஒருவர்கூட என்னைப் படுக்க வைத்துப் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன? நான் படுக்கவில்லை. வரிசையில் நின்று இலக்கத் துண்டு எடுத்து நோயாளியாக உட்கார எங்களில் யாருக்குத்தான் மனம் வரும்?

ஒரு காலை டியூட்டியில், ட்ரக்டரில் இருந்து விழுந்த மாவடிப்பள்ளி விவசாயி ஒருவரைத் தூக்கினோம். நல்ல தேக்கங்குற்றி மாதிரி மனிசன். பாதித் தூக்கலில் அற்றண்டனின் பிடி நழுவ, முழுப் பாரமும் என் பக்கம் வந்தது. இடுப்புக்குள் ஏதோ கழன்றது போல இருந்தது. அவரைப் பத்திரமாகக் கிடத்திவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஓய்வறைக்குப் போனேன். ரினோஸா ஓர் ஊசி போட்டாள். அந்த டியூட்டியை எப்படியோ முடித்தேன்.

அதற்குப் பிறகு நடந்தவைதான் என்னைத் திகைக்க வைத்தவை. ஒவ்வொன்றும் என் கண் முன்னால், என் உடம்பிலேயே நடந்தது. நான்தான் பார்க்கவில்லை.

முதலில் கால் நோவு குறைந்தது. "பார்த்தியா, ஊசி வேலை செய்யிது" என்று ரினோஸாவிடம் சந்தோசமாகச் சொன்னேன். நோவு போன இடத்தில் மரத்துப்போன மாதிரி ஓர் உணர்வு இருந்தது. நோவை விட மரப்பு நல்லது என்று நினைத்தேன்.

பிறகு தொழுகைக்காகக் கைகால் முகம் கழுவி வுழூ செய்துவிட்டு முசல்லா விரிப்பில் நிற்கும்போது உள்ளாடையில் ஈரம் இருப்பது போலத் தெரிந்தது. திரும்பிப் போய்க் கழுவி, திரும்ப வுழூ செய்து வந்தேன். அடுத்த வக்துத் தொழுகையிலும் அப்படித்தான். உம்மாவிடம் சொன்னேன்.

"அது வஸ்வாஸ் புள்ள. செய்த்தான் மனசக் குழப்புறான். கணக்கெடுக்காதே, தொழு" என்றார் உம்மா.

எங்கள் வீடுகளில் இந்தச் சந்தேகத்துக்குச் சொல்லுகிற பதில் இதுதான். சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தது. நானும் கணக்கெடுக்காமல் தொழுதேன். ஈரம் உண்மையிலேயே ஈரம்தானா என்று தொட்டுப் பார்க்க, நோயாளியின் படுக்கை விரிப்பைத் தினமும் தொட்டுப் பார்க்கிற இந்தக் கைக்குத் தோன்றவில்லை.

மூன்றாவதைச் சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது. நோவுக்கு ஆசனவாயில் வைக்கிற மருந்து ஒன்று உண்டு, மெழுகு மாதிரி. ஒருநாள் அதை வைத்தேன். உள்ளே போனதா என்று தெரியவில்லை. கீழே விழுந்திருக்குமோ என்று குளியலறைத் தரையில் குனிந்து தேடினேன். காணவில்லை. சரி, தண்ணீரோடு போயிருக்கும் என்று இன்னொன்றை வைத்தேன். தாதிப் பயிற்சியில் நல்ல புள்ளி எடுத்தவள் நான்!

அந்த நாட்களில்தான் எங்கள் ஆஸ்பத்திரியின் இயன்மருத்துவப் பகுதியில் ஊழியர்களுக்கென்று வாரத்தில் ஒரு பின்னேரத்தை ஒதுக்கினார்கள். பிசியோ என்று நாங்கள் சொல்லும் பகுதிதான் அது. தாதிமார், அற்றண்டன்மார், சமையலறைக்காரர், எல்லோருக்கும் தோளும் இடுப்பும் முழங்காலும் நொந்துகொண்டிருந்ததால், யாரோ நல்ல மனம் வைத்து ஏற்பாடு செய்திருந்தார்கள். நாங்கள் அதைத் தேநீர்க் கடையாக ஆக்கிவிட்டோம். சீருடையோடு போய், போனில் கதைத்துக்கொண்டே சூட்டு ஒத்தடம் வாங்கி வருவோம். அன்று நானும் அதற்குத்தான் போனேன்.

கஜன் காரைதீவுப் பிள்ளை. எங்கள் வாட்டு நோயாளிகளை நடக்க வைப்பவர், தினமும் என்னோடு வேலை செய்பவர்.

"மிஸ், சப்பாத்தக் கழட்டிட்டு ஏறுங்க" என்றார்.

"ஏன் கஜன்? அந்தச் சூட்டு மெசின மட்டும் வைங்க. மருந்து குடுக்கிற நேரம் வருது, நான் போகணும்."

"பார்க்காம வைக்கமாட்டன் மிஸ். இந்தப் பின்னேரத்தில நீங்க மிஸ் இல்ல, வருத்தக்காரி."

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் ஏறிப் படுத்தேன். நோவு எங்கே, எப்போது, எந்தக் காலில் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், குரலை மாற்றாமல், "சலம் போறதில வித்தியாசம் ஏதும் இரிக்கா?" என்று சிறுநீரைப் பற்றிக் கேட்டார்.

"நோர்மல்" என்றேன். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. ஆண்பிள்ளையிடம் வேறு எதைச் சொல்வது?

எழுந்து நிற்கச் சொன்னார். ஒரு காலில், விரல் நுனியில் எழும்பச் சொன்னார். வலது கால் தள்ளாடிக்கொண்டு எழும்பியது. இடது குதிக்கால் தரையை விட்டு அசையவே இல்லை. நான் எழும்பச் சொல்கிறேன், கால் கேட்கவில்லை. தரை வழுக்குகிறது என்றேன். அவர் என்னைத் திரும்பப் படுக்க வைத்து, ரப்பர் சுத்தியலால் குதிக்காலுக்கு மேலே தட்டினார். பாதம் துள்ள வேண்டும். இடதுகால் செத்த மீன் மாதிரிக் கிடந்தது. வலதும் அரைமனதாகத்தான் அசைந்தது.

சுத்தியலை வைத்துவிட்டு, கஜன் கதிரையை எடுத்து எனக்கு முதுகு காட்டிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"மிஸ், நான் அங்கால பார்த்துக்கொண்டு கேக்கிறன். நீங்க என்ட முகத்தப் பார்க்க வேணாம். கடைசியா எப்ப சலம் போனீங்க?"

யோசித்தேன். காலையில் வீட்டில் போனேனா? நினைவில்லை. டியூட்டியில் போகவில்லை. நாங்கள் போகமாட்டோம். கழிப்பறைக்குப் போகிற நேரத்துக்கு ஒரு கட்டில் பார்க்கலாம் என்று தண்ணீர் குடிப்பதையே விட்டவர்கள் நாங்கள். ஆனால் அன்று வெயிலுக்கு நிறையக் குடித்திருந்தேன். இளநீரும் குடித்திருந்தேன். போகவேண்டும் என்ற எண்ணமே வரவில்லை.

கையை அடிவயிற்றில் வைத்தேன். தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் கல்லு மாதிரி இருந்தது. எத்தனையோ நோயாளிகளின் வயிற்றில் இதே கையை வைத்து, "டொக்டர், சலப்பை நிரம்பியிரிக்கி" என்று சொன்னவள் நான். என் வயிறு நிரம்பி நின்றது எனக்குத் தெரியவில்லை.

"கஜன்" என்றேன். "கழுவக்குள்ள... தண்ணி படுறது தெரியுதில்ல."

அவர் திரும்பவில்லை. "எத்தனை நாளா?"

"வஸ்வாஸ் எண்டு நினைச்சன்."

அப்போதுதான் அது என் மண்டையில் இறங்கியது. காலை ரவுண்டுக்கு முன்னால், இடுப்பு நோவோடு படுத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்கிற கேள்வி இது. சலம் ஒழுங்காப் போகுதா, மலம் போறது தெரியுதா, தொடை இடுக்கு மரத்திரிக்கா. கிழவன், வாலிபன், மௌலவி என்று யாரையும் பார்க்காமல் கேட்டிருக்கிறேன். கூச்சப்பட்டவர்களை ஏசியும் இருக்கிறேன். என்னிடம் ஒருநாளாவது கேட்டேனா? யா அல்லாஹ், ஒருநாள்கூட இல்லை.

கஜன் எழுந்து போனை எடுத்தார். "இண்டைக்கு உங்களுக்கு எக்சசைஸ் ஒண்டும் இல்ல மிஸ். ட்ரொலி வருது." எனக்கா ட்ரொலி!

எங்கள் அவசரப் பிரிவிலேயே, ரினோஸாதான் எனக்கு கதீற்றர் போட்டாள். சலத்தை வெளியே எடுக்கிற மெல்லிய குழாய் அது. போடும்போது எரியும், எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். "முடிஞ்சிது" என்றாள். எனக்குத் தொடங்கியதே தெரியாது. குழாயின் நுனியில் இருந்த பை நிரம்பிக்கொண்டே போனது. ரினோஸா அந்தப் பையையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, முகமூடிக்குள்ளேயே அழத் தொடங்கினாள்.

"நாந்தானே ஊசியப் போட்டுப்போட்டு வேலைக்கு அனுப்பினன்" என்றாள்.

"நாந்தானே கேட்டன். பேசாம இரி" என்றேன். அவளைத் தேற்றுகிற அளவுக்கு எனக்கும் பலம் இருக்கவில்லை.

அம்புலன்ஸில் மட்டக்களப்புக்குக் கொண்டு போனார்கள். மல்லாக்கப் படுத்தபடி மருதமுனையையும் கல்லாற்றுப் பாலங்களையும் கடந்தேன். கண்ணாடியில் தென்னை ஓலைகளும் கரண்டுக் கம்பிகளும்தான் தெரிந்தன. என் கணவர் நௌசாத், பசாரில் புடவைக் கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓட்டோவில் பின்னால் வந்தார். இடுப்பு நோவுக்கு ஏன் அம்புலன்ஸ் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் போனில், "பயப்பிட ஒண்டுமில்ல" என்று மட்டும் சொன்னேன். தாதிமார் எல்லோருக்கும் சொல்கிற அதே வார்த்தை.

ஸ்கேன் எடுக்கிற குழாய்க்குள் படுத்துத் தெரிந்த கலிமாவையெல்லாம் ஓதினேன். வெளியே வந்ததும் சத்திரசிகிச்சை டொக்டர் படத்தைத் தூக்கிக் காட்டி விளக்கினார். முள்ளந்தண்டின் அடியில், நரம்புகள் குதிரை வால் மாதிரிக் கற்றையாகத் தொங்குகின்றன. காலுக்கும் சலப்பைக்கும் மலம் போகும் இடத்துக்கும் போகிற நரம்புகள் அவை. என் வட்டு முழுதாக வெடித்துப் பின்னால் வந்து அந்தக் கற்றையை நசுக்கிக்கொண்டிருந்தது. நோவு குறைந்தது நரம்பு சுகமானதால் இல்லை, நரம்பு சாகத் தொடங்கியதால்.

"நான் நடப்பனா டொக்டர்?"

"நடப்பீங்க எண்டு நினைக்கிறன்."

"சலம்?"

அவர் படத்தை இறக்கினார். "அதுக்கு நான் வாக்குத் தரமாட்டன், மிஸ். இண்டைக்கே அழுத்தத்த எடுக்கிறம். மிச்சத்த நரம்புதான் சொல்லணும்."

நௌசாத் என் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். நல்ல கதைகாரர், கடையில் ஒரு சாரிக்கு ஒன்பது கதை சொல்கிறவர். அன்று வெறுமனே என் இடது பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பிடித்திருப்பதைக் குனிந்து பார்த்துத்தான் அறிந்தேன்.

சத்திரசிகிச்சை முடிந்து கண் விழித்தபோது முதுகில் புண் நோவு இருந்தது. நோவு தெரிகிறதே என்று நன்றியோடு அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். பிறகு வாட் நாட்கள். என்னைக் கட்டில் இலக்கத்தால் கூப்பிட்டார்கள். அது இவ்வளவு குத்தும் என்று எனக்குத் தெரியாது. நானும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில் அம்மா தன் மகள் கொண்டுவந்த புட்டில் எனக்கும் ஒரு பங்கு வைத்தார். நௌசாத் காலையில் வந்தால் இருட்டும்வரை இருப்பார். என் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, "தெரியுதா?" என்பார். சில விரலுக்கு ஓம் என்பேன். சிலதுக்குப் பொய்யாக ஓம் என்பேன். கண்ணை மூடச் சொல்லித் தொட்டபோது அந்தப் பொய் பிடிபட்டது.

கதீற்றரைக் கழற்றிப் பார்த்தார்கள். தண்ணீர் குடிக்கச் சொல்லி, சத்தம் கேட்கட்டும் என்று கழிப்பறைத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. முக்கினேன், வயிற்றை அமுக்கினேன், அல்லாஹ்விடம் துஆக் கேட்டேன். கடைசியில் திரும்பவும் கதீற்றர்தான். அந்தத் தாதிப் பிள்ளை, "பரவாயில்ல அக்கா, பிறகு பார்ப்பம்" என்றாள். இதே வார்த்தையை, இதே குரலில், எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். அது கேட்பவருக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் அறிந்தேன்.

கதீற்றரும் பையுமாக வீட்டுக்கு வந்தேன். பார்க்க வந்த சனம் பால்மா டின்களோடும் திராட்சையோடும் முன் அறையை நிறைத்தது. யாருக்கும் அந்தப் பை தெரியக்கூடாது என்று, உம்மா மருதமுனைச் சாரித் துண்டில் ஓர் உறை தைத்துத் தந்தார். நல்ல நீலக் கரை வைத்தது. "ஹேண்ட்பேக் மாதிரி இரிக்கி" என்றேன். உம்மா சிரிக்கவில்லை. "நாந்தானே வஸ்வாஸ் எண்டன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

பிறகு குழாயை எடுத்துவிட்டு, நேரத்துக்கு நேரம் நானே மெல்லிய குழாயைப் போட்டுச் சலத்தை எடுக்கப் பழக்கினார்கள். சலம் வருவது தெரியாததால் மணிக்கூட்டைப் பார்த்துப் போனேன். ஊழியருக்கான பின்னேரத்தில், துண்டு எடுத்து, வரிசையில் உட்கார்ந்து, கஜனிடம் போனேன். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்துவது, கண்ணை மூடி நிற்பது, பாரம் தூக்குவதென்றால் முழங்காலை மடித்து எப்படித் தூக்குவது என்று ஒன்றொன்றாகப் பழக்கினார். சலத்தை அடக்குகிற தசைகளை இறுக்கி விடும் பயிற்சியை ஒரு பெண் பிசியோ சொல்லித் தந்தார். இறுக்கு என்பார். இறுக்குவதாக நினைப்பேன். இறுகியதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருப்பது போன்ற வேலை அது. எத்தனையோ நாள், போதும் என்று எறிந்துவிட்டு அழுதேன். நௌசாத் மணிக்கூட்டைப் பார்த்து, "நேரமாச்சி, வாங்க" என்று எழுப்பிவிடுவார்.

கால் திரும்பியது. குதிக்கால் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பத் தொடங்கியது. சலம் மட்டும் வரவில்லை. வராது என்று மனதைத் தேற்றிக்கொள்ளத் தொடங்கியிருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் வரிப்பத்தான்சேனையில் நௌசாத்தின் தங்கை பிள்ளை பெற்றாள். வெள்ளாமை வெட்டுகிற காலம். பிள்ளையைப் பார்த்துவிட்டு ஓட்டோவில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். மாவடிப்பள்ளியை நெருங்கும்போது அடிவயிற்றில் ஏதோ முட்டியது. காற்று என்று நினைத்தேன். திரும்பவும் முட்டியது. பாரமாக, அவசரமாக, விடாமல். அது என்னவென்று புரிய எனக்கு நேரமெடுத்தது. பழைய ஆள் ஒருவரைத் தெருவில் கண்டு, பெயர் வராமல் நிற்கிற மாதிரி விழித்தேன்.

"நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன்.

ஓட்டோ குலுங்கி நின்றது. நௌசாத் வெளிறிப்போனார். "என்ன, முதுகா?"

"எனக்குச் சலம் வருது!"

ஓட்டோக்காரர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வெட்கம் எங்கே? முதலில் தெரிந்த வீட்டுக்கு ஓட முடியாத காலை இழுத்துக்கொண்டு போனேன். வாசலில் நெல் காய வைத்துக்கொண்டிருந்த ஒரு மூத்த பெண்ணிடம், "கக்கூசு எங்க, ராத்தா?" என்றேன். ஸலாம்கூடச் சொல்லவில்லை. அவர் கையை நீட்டினார். பாதி வழியிலேயே கொஞ்சம் நனைந்துவிட்டது. அது நனைவதும் எனக்குத் தெரிந்தது. சூடாகத் தெரிந்தது.

உள்ளே இருந்து வாய்விட்டு அழுதேன். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"புள்ள, என்ன செய்யிது? ஏன் அழுறீங்க?"

வெளியே இருந்து நௌசாத்தின் குரல்தான் பதிலாக வந்தது, அழுகையும் சிரிப்பும் கலந்து, அந்த வீட்டு வளவு முழுக்கக் கேட்கும்படி: "சலம் போகுது ராத்தா! என்ட மனிசிக்குச் சலம் போகுது!"

பிறகு அந்த ராத்தா, இவர்களுக்குப் பேய் ஏதும் பிடித்துவிட்டதோ என்ற குரலில் சொன்னார்:

"அது எல்லாருக்கும் போறதுதானே, மனே!"